ஒரு ட்யூப் குடுங்கண்ணா

தோலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் நோயின் பெயரும் சொல்வதில்லை, மருந்தின் பெயரும் சொல்வதில்லை. அட்டைப்பெட்டி என்ன கலர் என்று சொல்வார்கள். இல்லாவிட்டால் கசக்கிப் பிழிந்த காலி ட்யூபைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்து, "இதே மாதிரி ஒரு ட்யூப் குடுங்கண்ணா" என்பார்கள். இப்போது வாட்ஸாப் போட்டோவும் சேர்ந்துகொண்டது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி வருகிற தெலுங்குக்காரர் 'தாமர' என்பார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையன் 'தாத்' என்பான். நம்மூர்க்காரர் 'படை' என்பார். எல்லோருக்கும் வேண்டியது ஒரே ட்யூப்தான்.

நான் பெரியபாளையத்தில் மெடிக்கல் கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பார்மசிஸ்ட். டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை; இந்தப் பக்கம் நிற்கிற சிலருக்கும் மறந்துபோகிறது.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு. ஜிம் பையன்கள் பேசுகிற ஸ்டீராய்டு வேறு, இது வேறு. சிறுநீரகத்தின் மேல் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் வழியில் ஆய்வகத்தில் செய்யப்பட்ட சரக்குதான் ஹைட்ரோகார்ட்டிசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் எல்லாம். அதோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து வரும். பிராண்டு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 'ஜி.எம்.' என்றால் பெரும்பாலும் ஜென்டாமைசினும் மைக்கோனசோலும் கூட இருக்கின்றன. 'என்' என்றால் நியோமைசின். வாங்குகிறவர் முன்பாதிப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார். வால் மாறினால் மருந்தே மாறிவிடுகிறது.

இந்த மருந்தை வில்லனாக்கி எழுதப்போவதில்லை. மருத்துவ வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைஷ்டைன் என்ற இரு வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு. தோல் மருத்துவர்கள் அதே கார்ட்டிசோனைக் களிம்பாக்கிப் பூசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கார்ட்டிசோன் வேலை செய்ய வேண்டுமானால் உடம்புக்குள் போய் ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற வேண்டும், அந்த வேலை கல்லீரலில் நன்றாக நடக்கிறது, தோலில் அந்த அளவுக்கு நடப்பதில்லை. 1952-ல் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இருவர் நேராக ஹைட்ரோகார்ட்டிசோனையே தோலில் பூசினார்கள். கரப்பான் அடங்கியது. அதுவரை தார், கந்தகம் என்று நாறிக்கொண்டிருந்த தோல் வைத்தியம் அன்றோடு வேறு திசையில் திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1960-களில் புதுப் புது ஸ்டீராய்டுகள் வரத்தொடங்கின. எது வீரியம் அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1962-ல் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்ற இரண்டு பேர் ஒரு சுலபமான சோதனை வைத்தார்கள். மருந்தை முன்கையின் உட்பக்கத்தில் பூசு, சில மணி நேரம் விடு, தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று பார். ஸ்டீராய்டு பட்டதும் தோலில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தம் குறையும், சிவப்பு குறையும், தோல் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம். இன்றைக்கும் புது ஸ்டீராய்டு களிம்புகளை எடைபோட இந்த முறையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் வீரியத்தை அளக்க வைத்த அந்த வெளுப்பைத்தான் நம் சந்தை 'சிகப்பழகு' என்று வாங்கிக்கொண்டது. தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்று வருகிற பெண், பக்கத்து வீட்டக்கா பூசின க்ரீமைக் கேட்கிறாள். அது வேலை செய்வதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பொய்யே கிடையாது, முகம் நிஜமாகவே வெளுக்கிறது, பரு அமுங்குகிறது, பளபளப்பு வருகிறது. வேலை செய்யாத மருந்தை விற்றால் மறுபடி வந்து சண்டை போடுவார்கள். இது வேலை செய்கிறது, அதனால்தான் வம்பு.

முகத்துத் தோல் எவ்வளவு மருந்தை உள்ளே இழுக்கும் என்பதற்கு 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் எடுத்த கணக்கு இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனை முன்கையில் பூசினால் உள்ளே போவதை 1 என்று வைத்துக்கொண்டால், நெற்றியில் 6. தாடை ஓரத்தில் 13. உள்ளங்காலில் 0.14 மட்டுமே. ஆண்களின் விரைப்பையில் 42. கடைசி எண்ணைக் கவனித்து வையுங்கள், கும்மிடிப்பூண்டிக்குப் போகும்போது தேவைப்படும்.

அம்மாவின் காலில் தடித்துப்போன சொறிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூபின் மிச்சத்தை, வீணாகக் கூடாதென்று மகள் தன் முகத்தில் பூசிக்கொள்கிறாள். அது அதே மருந்து என்று அவள் நினைக்கிறாள். முகத்துக்கு அது பல மடங்கு மருந்து.

2011-ல் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் 29 சதவீதம் பேர் பூசியது சிவப்பாவதற்காகவோ, சும்மா முகக்ரீமாகவோ, ஷேவ் செய்த பிறகு தடவிக்கொள்ளவோ. டாக்டர் அல்லாதவர் சொல்லிப் பூசியவர்கள் 59 சதவீதம். அந்த 'டாக்டர் அல்லாதவர்' பட்டியலில் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், பியூட்டி பார்லர்காரர்கள், எங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் அடக்கம். பூசியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது.

பக்கவிளைவு என்றால் என்ன? நாளாக ஆக முகத்தோல் மெலிந்து, உள்ளே ஓடும் நரம்பு மாதிரி சிவப்பு இழைகள் வெளியே தெரியத் தொடங்கும். பரு கொத்துக் கொத்தாக வரும். சில பெண்களுக்கு மேலுதட்டிலும் கன்னத்திலும் முடி வளரும். வெயிலில் நின்றால் முகம் எரியும், அதுவும் நம்மூர் வெயிலில். எல்லாவற்றையும் விடக் கொடுமை, நிறுத்தினால் வருவது: சுருங்கிக் கிடந்த ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, முகம் சிவந்து வீங்கி, மிளகாய் அரைத்த கையால் தொட்டமாதிரி எரியும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். உடனே அடங்கும். 'பாத்தீங்களா, இந்த க்ரீம் இல்லாம எனக்கு ஆகறதில்ல' என்பார்கள். தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் பாதிக்கப்பட்ட, ஸ்டீராய்டைச் சார்ந்துவிட்ட முகம். மருத்துவ இதழ்களில் இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர்கள் கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள்.

மங்குக்கு என்று வாங்கிப் போகும் மூன்று மருந்துக் கூட்டு க்ரீமும் இந்த வகைதான். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. 1975-ல் ஆல்பர்ட் கிளிக்மன் போட்ட கூட்டு அது. டாக்டர் பார்வையில், ராத்திரி மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் என்று உருவானது. இங்கே அதை வருஷக்கணக்கில் பவுடர் மாதிரி பூசுகிறார்கள்.

இனி கும்மிடிப்பூண்டி.

இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற, வார்ப்பு வார்க்கிற கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. பர்னஸ் முன்னால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நிற்கிறவன் கெட்டியான யூனிஃபார்ம், பெல்ட், பூட்ஸோடு நிற்கிறான். வேர்வை இடுப்பில் தங்குகிறது, தொடையிடுக்கில் தங்குகிறது. ஷிஃப்ட் முடிந்து போவது ஒரு சின்ன ரூமுக்கு. அங்கே பாயும் துண்டும் பக்கெட்டும் பொது. ஜீன்ஸ் காய ஒரு நாளாவது வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் போதாது, ஈரமாகவே மாட்டிக்கொள்வான். படர்தாமரைப் பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பெரியபாளையத்தைச் சுற்றியிருக்கும் செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு வந்து தங்கி, நாள் முழுக்கச் சேற்றில் நின்று கல் அறுக்கிறவர்களுக்கும் இதே கதை, அங்கே குழந்தைகளுக்கும் சேர்த்து.

அரிப்பு சாதாரண அரிப்பு இல்லை. ராத்திரி தூக்கம் போகும். லீவு போட்டால் சம்பளம் போகும். கடைக்கு வந்து "தாத் கா தவா" என்று கேட்டால் கிடைப்பது அந்தக் கூட்டு மருந்து ட்யூப். பூசின அன்று ராத்திரியே அரிப்பு நின்றுவிடும். அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குவது பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு செய்யும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. கூட்டில் இருக்கிற பூஞ்சை மருந்து ஏதாவது செய்யவேண்டுமானால் அரிப்பு நின்ற பிறகும் வாரக்கணக்கில் பூச வேண்டும், யார் பூசுகிறார்கள்? மூன்றாம் நாள் ட்யூபை ஜன்னலில் வைத்துவிடுவார்கள். வெளியே மண் பூசி மூடிய சூளை மாதிரிதான், பார்க்கிறவனுக்குப் புகைகூடத் தெரியாது, உள்ளே வெந்துகொண்டிருக்கும். பத்து நாளில் படை முன்னைவிட அகலமாக வரும். சில சமயம் வட்டத்துக்குள் வட்டமாக, இரட்டை வரப்பு போட்டு வரும். ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையின் கையெழுத்து அது என்று தோல் டாக்டர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். ஸ்டீராய்டு பட்டு அடையாளம் மறைந்துபோன படர்தாமரைக்கு 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து மருத்துவர்கள் 'மாறுவேடப் படை' என்ற அர்த்தத்தில் லத்தீன் பெயர் சூட்டிவிட்டார்கள்.

அந்த 42 ஞாபகம் இருக்கிறதா? தொடையிடுக்கு அதற்கு அடுத்த வீடு. இரண்டு தோலும் ஒன்றோடொன்று ஒட்டி உரசுகிற இடத்தில் மருந்து இன்னும் ஆழமாகப் போகும். இருபத்தைந்து வயதுப் பையனின் தொடையில் பிரசவ வரி மாதிரி ஊதா நிறத்தில் கோடு கோடாக விழுந்திருப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். படை சரியாகிவிடும். அந்தக் கோடுகள் போகாது.

இந்தியாவில் பத்துப் பதினைந்து வருஷமாகப் படர்தாமரை கட்டுக்கடங்காமல் பரவுவதாகத் தோல் மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள். முன்பு டெர்பினாஃபின் என்ற மாத்திரைக்கும் களிம்புக்கும் சுலபமாக அடங்கியது இப்போது அடங்குவதில்லை. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த பூஞ்சையைத் தனி இனம் என்று அறிவித்து, ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் வங்கதேசம் போய்வந்தவர். இன்னொருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். இதற்கெல்லாம் ஸ்டீராய்டு ட்யூப் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காரணப் பட்டியலில் அது எப்போதும் மேலே இருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? மருந்துச் சட்டத்தில் எச் அட்டவணை என்று ஒன்று உண்டு; அதில் இருப்பதை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வெகுகாலம் அதில் ஒரு ஓட்டை இருந்தது. மேலே பூசுகிற மருந்துக்கு அந்த விதி பொருந்தாது என்று ஒரு குறிப்பு. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்காகவே ஒரு குழு அமைத்து, வருஷக்கணக்கில் மன்றாடி, நீதிமன்றம் வரைக்கும் போனது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை. குளோபெட்டசாலோடு மூன்று நான்கு மருந்தைக் கலந்த க்ரீம்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 2016-லேயே 344 கூட்டுகளைத் தடை செய்து, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், அது அடிபட்டு, மறுபடி வந்த தடை இது.

ஆனால் தடைப் பட்டியலில் எழுதியிருப்பது இன்னின்ன மருந்து சேர்ந்த கூட்டு என்றுதான். ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் அது அந்தப் பட்டியலில் இல்லாத கூட்டு. அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் வந்தன, உண்மைதான். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். கேட்கிறவர் படிக்கப்போவதில்லை. சீட்டு கேட்டால் "இருக்கட்டும்ணா, எதிர் கடைல வாங்கிக்கறேன்" என்று நடையைக் கட்டுவார், எதிர் கடையில் கிடைக்கவும் கிடைக்கும். சட்டத்தை எழுதினவர் யாரும் ஆடி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஜார்த் தெருவில் நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆடி என்றதும் சொல்ல வேண்டும். பவானி அம்மன் கோயிலுக்கு அந்த வாரங்களில் வருகிற கூட்டம் தெரியும்தானே. அம்மை போட்டால், தோலில் ஏதாவது வந்தால், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிற ஊர் இது. ஆம்பளை, பொம்பளை, குழந்தை எல்லோரும் உடம்பு முழுக்க வேப்பிலை கட்டிச் சுற்றுவார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, என் வீட்டிலும் உண்டு. எனக்குக் கவலை, மொட்டை போட்டுக் காது குத்தக் கூட்டிவந்த கைக்குழந்தைக்கு வேர்க்குருவோ டயப்பர் புண்ணோ வந்து, "கூட்டத்துல எங்க போய் டாக்டரப் பாக்கறது, ஏதாவது ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்கும்போதுதான். குழந்தையின் தோல் மெலிசு, எடைக்கு உடம்புப் பரப்பு அதிகம். டயப்பர் கட்டினால் பூசின மருந்தை மூடிவைத்த மாதிரி ஆகிறது. டயப்பர் புண்ணுக்கு வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் பூசி, முகம் உப்பி, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. டயப்பரைக் கழற்றிக் காற்றாட விடுங்கள், ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு போதும் என்று சொல்லி அனுப்புவேன். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள்.

இவ்வளவு படித்துவிட்டு, வீட்டில் இருக்கிற ட்யூபையெல்லாம் குப்பையில் போடக் கிளம்பிவிடாதீர்கள். கவுன்ட்டரில் இதற்கு நேரெதிரான கூத்தும் நடக்கிறது. கரப்பான் வந்த நாலு வயதுக் குழந்தைக்குத் தோல் டாக்டர் முறையாக எழுதிக்கொடுத்த க்ரீமை வாங்கும்போதே அம்மா கேட்பார்: "இதுல ஸ்டீராய்டு இருக்காமே, யூடியூப்ல சொன்னாங்க." வாங்கிப் போய் மொச்சைக்கொட்டை அளவு எடுத்து இரண்டு கால் முழுக்கத் தேய்ப்பார். சரியாகாது. குழந்தை ராத்திரி பூரா சொறிந்து, ரத்தம் வந்து, சீழ் பிடிக்கும். பயத்தால் குறைவாகப் பூசுவதும் நோயை இழுத்தடிக்கிறது.

எவ்வளவு பூசுவது என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபைப் பிதுக்கி ஒரு கோடு போட்டால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புள்ள தோலுக்கு அது போதும். கார்டிஃபில் இருந்த லாங், ஃபின்லே இருவரும் 1991-ல் சொன்னது. பெரியவர் ஒருவரின் ஒரு காலுக்கு ஆறு கோடு, கைக்கு மூன்று. நோய் இருக்கிற இடத்தில் மட்டும்தான். 15 கிராம் ட்யூபில் 30 கோடு வரும். உங்கள் டாக்டர் ஏன் மூன்று ட்யூப் எழுதினார் என்று இப்போது புரியும், கமிஷனுக்காக இல்லை.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் நிறைய. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம், குளோபெட்டசால் 0.05 சதவீதம். எண் பெரிதாக இருப்பதால் முதல் ஆள்தான் பயங்கரம் என்று நினைத்து, "சின்ன பவர்ல குடுங்க" என்று இரண்டாவதைக் கேட்பார்கள். நிஜத்தில் கடையில் இருப்பதிலேயே மென்மையானது முதலாவது, வீரியத்தில் உச்சப் படி இரண்டாவது. குளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது.

சரியான கையில் இந்த மருந்து என்ன செய்யும் என்பதையும் இதே கவுன்ட்டரில் பார்க்கிறேன். சொரியாசிஸால் முழங்கை வெடித்து, சட்டைக் கையை மடிக்கவே கூச்சப்பட்ட மனுஷன் இரண்டு மாதத்தில் அரைக்கை சட்டையோடு வருகிறார். சிமென்ட்டில் இருக்கும் குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் கை புண்ணான கொத்தனாருக்கு, டாக்டர் கொடுத்த ஆயின்மென்ட்டில் கை ஆறியது. மறுபடி வெறுங்கையோடு கலவையைத் தொட்டார், மறுபடி வந்தது. அவருக்கு ட்யூபோடு கையுறையும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், அது மேஸ்திரி வாங்கித்தர வேண்டிய சாமான், அதற்கு எந்த மெடிக்கலிலும் சீட்டு செல்லாது. கரப்பான் குழந்தைகளுக்கு முதலில் தினமும் பூசி, அடங்கிய பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசச் சொல்கிறார்கள். நடுவில் குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்; வசதியில்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். மெல்லிய இடங்களுக்கு டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டே இல்லாத களிம்பும் இருக்கிறது, விலைதான் கூட.

தெரியாமல் மாதக்கணக்கில் முகத்தில் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இன்றைக்கே ட்யூபைத் தூக்கிப்போட்டுவிட்டு எரிச்சலோடு தனியாகப் போராடாதீர்கள். எப்படி விடுவது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்வார், சிலருக்கு வீரியம் குறைத்துக் குறைத்து இறக்குவார். போகும்போது பூசின ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், திட்டு விழும் என்று ஒளிக்க வேண்டாம். படர்தாமரையா இல்லையா என்று சந்தேகம் இருந்தால், செதிலைச் சுரண்டி எடுத்து ஒரு கார நீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், செலவும் நேரமும் பெரிதாக ஆகாது. ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்ததை முன்கூட்டியே சொன்னால்தான் அந்தச் சோதனையையும் அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். அரசு ஆஸ்பத்திரி என்றால் திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, 2022-லிருந்து. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராகப் போகிறவர்கள், குளித்துவிட்டு, பூசிக்கொண்டிருப்பதை அன்று காலை மட்டும் பூசாமல் போனால் டாக்டருக்குத் தோலைப் பார்க்க வசதியாக இருக்கும்.